அடி பலமாக இருந்தும் பிக்கிள்பாலில் தோற்பது ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோத்தகிரியில் எட்டு மாதமாக நீங்களும் உங்கள் மச்சானும் ஜோடி சேர்ந்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேலே அடித்து ஆடும் பிக்கிள்பால் ஆடுகிறீர்கள். இருவருக்கும் கை பலம் உண்டு, வயதும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும், அறுபதைக் கடந்த ஒரு தம்பதியிடம் 11-4, 11-5 என்று தோற்றுக்கொண்டே இருக்கிறீர்கள். அடியை இன்னும் பலமாக்க என்ன பயிற்சி செய்யலாம், எந்த மட்டை வாங்கலாம், கோட்டுக்குப் பக்கத்தில் விழும் பந்துக்கு வரும் தகராறை எப்படித் தீர்ப்பது என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், மச்சான் இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்ததும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் பட்டது. மற்ற மூன்றின் வேரும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இதே நீலகிரியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரியில் ஆடியது கம்பளிப் பந்தால் ஆடும் பூப்பந்து. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் இறகுப்பந்து. பிக்கிள்பால் மட்டையைக் கையில் எடுத்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன; அதில் பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் என்னிடம் கிடையாது. ஆகவே விதி என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உத்தி என்று சொல்வது வாரத்தில் நான்கு நாள் ஆடி, தோற்று, கற்றது. அதில் நீங்கள் என்னோடு சண்டை போடலாம். உங்கள் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை வைத்து ஊகிக்கும் இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துப் போங்கள். பழைய இறகுப்பந்துக் களத்தில்தான் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் தவறில்லை. 1965ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு வீட்டு இறகுப்பந்துக் களத்தில்தான். அதனால்தான் நீளம் 44 அடி, அகலம் 20 அடி என்று இரண்டுக்கும் ஒரே அளவு. ஆனால் ஓரிடத்தில் ஏமாந்துவிடுவோம். இறகுப்பந்தில் வலைக்கு அருகே இருக்கும் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கிறது. பிக்கிள்பாலில் பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாத பகுதி, அதாவது எல்லோரும் கிச்சன் என்று சொல்லும் பகுதி, வலையிலிருந்து 7 அடி. பழைய கோட்டையே கிச்சன் கோடாக வைத்து ஆடினால் அரை அடி குறைகிறது. வெளியூர்க் களத்துக்குப் போனால் உங்கள் கால் பழக்கதோஷத்தில் கோட்டை மிதித்துவிடும். வலையும் அப்படித்தான்: ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். பழைய வலையை இறக்கிக் கட்டும் இடங்களில் நடுப்பகுதி தொய்ந்து 31, 32 என்று தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். விறைப்பாக இழுத்துக் கட்டி நடுவிலும் 36 ஆக்கிவிட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு அங்குலத்துக்குப் பின்னால் வருவோம்.

இப்போது ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு. சர்வீஸ் ஒருமுறை தரையில் பட வேண்டும். அதைத் திருப்பி அனுப்பும் பந்தும் மறுபக்கத்தில் ஒருமுறை தரையில் பட வேண்டும். அதன் பிறகுதான் யாரும் அந்தரத்தில் அடிக்கலாம். டென்னிஸில் சர்வீஸ் போடுபவர் கை ஓங்கியிருக்கும். இங்கே இந்த ஒரு விதியால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. சர்வீஸ் போடும் ஜோடி, திரும்பி வரும் பந்து தரையில் படும்வரை பின்கோட்டுக்கு அருகே காத்திருக்க வேண்டும். எதிரே ஒருவர் ஏற்கெனவே கிச்சன் கோட்டில் நிற்கிறார். பந்தைத் திருப்பியவரும் நடந்து வந்து அவரோடு சேர்ந்துகொள்கிறார். புள்ளி எடுக்கும் உரிமை சர்வீஸ் போடும் பக்கத்துக்கு. இடத்தின் வசதி மறுபக்கத்துக்கு. பூப்பந்து ஆடி வந்தவர்கள் இதில் முதலில் தடுமாறுவார்கள், ஏனென்றால் அங்கே பந்து தரையைத் தொட்டாலே போயிற்று. முதல் மூன்று மாதம் நானும் திரும்பி வரும் பந்தை அந்தரத்திலேயே அடித்து அடித்துப் புள்ளிகளைத் தானம் செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் தோல்வி எங்கே நடக்கிறது என்று ஊகிக்கிறேன். மூன்றாவது அடியில். நீங்கள் சர்வீஸ் போடுகிறீர்கள், அவர்கள் ஆழமாகத் திருப்புகிறார்கள், நீங்கள் முழுப் பலத்தோடு விளாசுகிறீர்கள். பின்கோட்டிலிருந்து எதிராளி நிற்கும் கிச்சன் கோடு வரை 29 அடி. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து காற்றில் வேகத்தை இழந்துகொண்டே போகிறது. அந்த அம்மாள் மட்டையை மார்புக்கு நேரே பிடித்துச் சும்மா தடுத்தால் போதும், உங்கள் பலமே உங்கள் காலடிக்குத் திரும்பி வருகிறது. நீங்கள் குனிந்து அதை எடுத்து மேலே தூக்குகிறீர்கள், அவர் கணவர் அதைக் கீழே அறைகிறார். பார்ப்பவர்களுக்கு அவர் அறைந்து புள்ளி எடுத்ததாகத் தெரியும். புள்ளி போனது இரண்டு அடிகளுக்கு முன்பே.

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். நான் ஆடும் இடத்தில் தோட்ட மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா வருகிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், முழங்காலில் எப்போதும் உறை, ஸ்வெட்டரைக் கழற்றாமலே ஆடுவார். முதல் ஆண்டு முழுவதும் அவரிடம் தோற்றேன். ஒருநாள் பொறுக்காமல், எல்லாப் பந்தும் ஏன் என் ஷூவுக்கே வருகிறது என்று கேட்டேன். "சார், உங்கள் முட்டி மடங்குவதே இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போடுகிறேன்" என்றார். 31 ஆண்டுகள் பிள்ளைகளை முட்டியை மடக்கச் சொல்லிக் கத்தியவன் நான். அவர் விளாசி நான் பார்த்ததே இல்லை. எதிராளி பந்தைக் கீழிருந்து மேலே அடிக்கும்படி செய்துவிட்டுக் காத்திருப்பார். இந்த ஆட்டத்தின் உத்தி முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம்.

ஆகவே நீங்கள் பழக வேண்டியது மூன்றாவது அடியில் மென்மையான டிராப். பந்து வலையைத் தாண்டி எதிராளியின் கிச்சனுக்குள் விழ வேண்டும். கை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிடியைத் தளர்த்துங்கள், பத்தில் பத்து இறுக்கம் என்றால் மூன்று, நான்கு போதும். பந்து துள்ளி உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும்போது, உடம்புக்கு முன்னால் சந்தியுங்கள். மணிக்கட்டு அசையக் கூடாது. கிணற்றிலிருந்து வாளியை அலுங்காமல் தூக்குவதுபோல் தோளிலிருந்து கை முழுவதும் எழ வேண்டும். முட்டி மடங்கி நிமிர்வதில்தான் பாதி வேலை. பந்து போகும் வளைவின் உச்சி உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், வலைக்கு மேலே இருக்கக் கூடாது. உச்சி வலைக்கு மேலே இருந்தால் எதிராளியின் மட்டைக்கு அது விருந்து. ஆரம்பத்தில் பாதி வலையில் விழும், பாதி உயரமாகப் போகும். வலையில் விழுந்தால் புள்ளி நிச்சயம் போயிற்று. உயரமாகப் போனால் எதிராளியும் தவறலாம். அதனால் தவறினாலும் உயரப் பக்கமே தவறுங்கள்.

விளாசுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. திரும்பி வந்த பந்து கிட்டத்தில் விழுந்தால், அல்லது பந்தைத் திருப்பியவர் இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தால், அவரை நோக்கியே பலமாக அடியுங்கள். ஓடிக்கொண்டிருப்பவரால் தாழ்வாக வரும் பந்தை எடுப்பது கடினம். எது டிராப்புக்கான பந்து, எது அடிக்கான பந்து என்பதில் நல்ல ஆட்டக்காரர்களிடையே கருத்து ஒன்றாக இல்லை. இளையவர்கள் முதலில் அடித்து, திரும்பும் பந்தை டிராப் செய்கிறார்கள். உங்கள் வயதுக்கு அதுவும் பொருந்தலாம்.

மறுபக்கம், நீங்கள் சர்வீஸை வாங்கும்போது வேலை எளிது. உயரமாக, ஆழமாக, நடுவாகத் திருப்புங்கள், வேகம் வேண்டாம். பந்து காற்றில் இருக்கும் நேரம் நீங்கள் முன்னே வருவதற்கான நேரம். சர்வீஸைப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஆழமாகப் போட்டால் போதும். இடுப்புக்குக் கீழே, கீழிருந்து மேலாகப் போடும் முறை கைவராதவர்கள் பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, துள்ளியதும் அடிக்கலாம்; விதி அதை அனுமதிக்கிறது. சர்வீஸ் வலையைத் தொட்டு உரிய கட்டத்தில் விழுந்தால் மறுபடி போடச் சொல்லும் வழக்கம் 2021லேயே போய்விட்டது. உங்கள் குழுவில் இன்னும் அப்படி ஆடினால் நிறுத்திவிடுங்கள்.

முன்னே வருவதிலும் ஒரு நிதானம் வேண்டும். டிராப் போட்ட கையோடு கண்ணை மூடிக்கொண்டு வலைக்கு ஓடுவதுதான் புதியவர்கள் செய்வது. இரண்டு, மூன்று எட்டு வையுங்கள். எதிராளியின் மட்டை பந்தைத் தொடப்போகும் நொடியில் இரண்டு காலும் ஊன்றி நில்லுங்கள், மட்டை முன்னால் இருக்கட்டும். அந்தப் பந்தைச் சமாளித்தபின் மீண்டும் இரண்டு எட்டு. ஏறிக்கொண்டே அடிக்கும் பந்து எங்கே போகும் என்று அடித்தவருக்கே தெரியாது. இருவரும் கிச்சன் கோட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டால் அங்கிருந்து நகராதீர்கள். கிச்சனுக்குள் காலே வைக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு. தரையில் பட்ட பந்தை உள்ளே போய் எடுக்கலாம், உள்ளேயே நிற்கவும் செய்யலாம். அந்தரத்தில் அடிக்கும்போதும், அடித்த வேகத்தில் தடுமாறியும், உள்ளே போகக் கூடாது. கோடும் கிச்சனைச் சேர்ந்ததுதான்.

கிச்சன் கோட்டில் நால்வரும் நின்று மெதுவாகத் தட்டிக்கொள்ளும் டிங்க் ஆட்டத்தில்தான் அந்தத் தம்பதி உங்களைக் கொல்கிறார்கள் என்பது என் அடுத்த ஊகம். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். நேராகத் தட்டினால் ஒரு கிச்சன் கோட்டிலிருந்து எதிர்க் கோடு வரை 14 அடி. மூலைக்கு மூலை குறுக்கே தட்டினால் 24 அடிக்கும் சற்றுக் கூடுதல். அதோடு குறுக்கே போகும் பந்து வலையின் தாழ்ந்த நடுப்பகுதியைத் தாண்டுகிறது. நான் முன்னே சொன்ன இரண்டு அங்குலம் இதுதான். இடமும் அதிகம், வலையும் தாழ்வு. ஆகவே ஒன்றும் தோன்றாதபோது குறுக்கே தட்டுங்கள். எதிராளியின் பந்து வலை மட்டத்துக்கு மேலே, உங்கள் முன்னால் வரும்வரை தட்டிக்கொண்டே இருங்கள். இடுப்புக்குக் கீழே வரும் பந்தை வேகமாக அடிக்க ஆசை வரும். ஐந்தாவது தட்டிலேயே எனக்கு அந்த ஆசை வரும். அந்த அக்காவுக்கு இருபதாவது தட்டிலும் வராது.

இனி மச்சான். நான் பார்த்தவரை பொழுதுபோக்காக ஆடும் இரட்டையர் ஆட்டத்தில் புள்ளிகள் அதிகம் போவது இருவருக்கும் நடுவே வரும் பந்துகளில். இருவரும் அவரவர் ஓரக்கோட்டைக் காவல் காத்துக்கொண்டு, நடுவில் ஒரு தெருவையே திறந்து வைத்திருப்பார்கள். பந்து அந்தத் தெருவில் போகும், இருவரும் பார்ப்பார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வைதான் ஆட்டம் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போக வைக்கிறது. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள்போல நகருங்கள். பந்து வலப்பக்க மூலைக்குப் போனால் இருவருமே வலது பக்கம் சாய வேண்டும். அப்போது இடக்கோடியில் கொஞ்சம் இடம் திறக்கும், திறக்கட்டும். அந்தக் கோடிக்குப் பந்தைத் துல்லியமாகப் போடுவது கடினம். நடுவில் போடுவது குழந்தைக்கும் எளிது. இருவரும் வலக்கையர் என்றால் நடுப்பந்து இடப்பக்கம் நிற்பவருடையது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள், ஏனென்றால் அது அவருடைய முன்கைப் பக்கம். பேசி வைத்தாலும் ஒவ்வொரு பந்துக்கும் வாயைத் திறங்கள்: "எனது", "உனது", "விடு". மூன்று சொல் போதும்.

"விடு" என்ற சொல்லுக்கு நம் மலையில் தனி மதிப்பு உண்டு. கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. உதகையில் ஐந்தில் ஒரு பங்கு. எடை குறைந்த ஓட்டைப் பந்தை நிறுத்துவது காற்றுதான் என்பதால், அதே அடி இங்கே கூடுதல் தூரம் போகும். இவ்வளவு உறுதியான இயற்பியல். கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் நண்பர்கள் முதல் நாள் பின்கோட்டைத் தாண்டித் தாண்டி அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் குளிர் இதற்குக் குறுக்கே வருகிறது. குளிரில் பந்து விறைத்துத் துள்ளல் குறைகிறது, சீக்கிரம் விரிசலும் விடுகிறது. இந்த இரண்டில் எது எந்தக் காலையில் மேலோங்கும் என்று அளந்து சொல்ல என்னிடம் கருவி கிடையாது. முதல் பத்து நிமிடம் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மார்கழி, தையில் பந்துகளை ஸ்வெட்டர் பையில் வைத்துக் கொண்டுபோகிறேன். நடைமுறைக்கு வருவோம்: கிச்சன் கோட்டில் நிற்கும்போது, பின்கோட்டிலிருந்து பலமாக அடித்த பந்து ஏறுமுகமாக உங்கள் தோள் உயரத்துக்கு வந்தால், பெரும்பாலும் அது வெளியே போகிற பந்து. தொடாதீர்கள். உங்கள் விளாசல்களில் பாதியை அந்தத் தம்பதி தொடாமலே விட்டிருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

தலைக்கு மேல் தூக்கிப் போடும் லாப் பந்துக்குப் பின்னோக்கி ஓடாதீர்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மாதம், சாரல் நின்று அரைமணி ஆன களத்தில் முகத்தை முன்னே வைத்தபடி பின்னால் ஓடி மல்லாக்க விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. விழுந்த இடத்தில் ஒரு சில்வர் ஓக் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பி, பக்கவாட்டில் ஓடுங்கள்; முடியாவிட்டால் "உனது" என்று மச்சானை அழையுங்கள்; அதுவும் முடியாவிட்டால் புள்ளி போகட்டும். அதேபோல அறுபதைக் கடந்த அந்தத் தம்பதியின் தலைக்கு மேல் ஈரக் களத்தில் லாப் போடுவது விதிப்படி சரி. நான் போட மாட்டேன்.

கோட்டுத் தகராறுக்கு விதி தெளிவாக இருக்கிறது. நடுவர் இல்லாத ஆட்டத்தில் உங்கள் பக்கத்தில் விழுவதை நீங்கள் சொல்ல வேண்டும், அவர்கள் பக்கத்தில் விழுவதை அவர்கள் சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பலன் எப்போதும் எதிராளிக்கு. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளியைக் கண்ணால் பார்த்தால்தான் அவுட். "அவுட் போலத் தெரிந்தது" என்றால் அது உள்ளே. நீங்கள் அவுட் என்று சொல்லி, மச்சான் உள்ளே என்று சொன்னால், அது உள்ளே. இருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் வேலையெல்லாம் கிடையாது. உங்களுக்குத் தெரியவில்லை என்றால் எதிராளியைக் கேட்கலாம், அவர்கள் தெளிவாகச் சொன்னால் அதை ஏற்க வேண்டும். சர்வீஸ் கிச்சன் கோட்டில் பட்டால் மட்டும் தவறு. மற்ற எல்லாக் கோடும் உள்ளே. இன்னொரு குழப்பம்: பந்து காற்றில் இருக்கும்போதே நீங்கள் மச்சானை நோக்கி "அவுட், அவுட்" என்று கத்தினால் அது தீர்ப்பு ஆகாது, ஜோடிக்குச் சொல்லும் எச்சரிக்கை மட்டுமே, பந்து உள்ளே விழுந்தால் ஆட்டம் தொடரும். இதை எதிரணி தவறாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்திவிடும். அதற்காகவும்தான் "விடு" என்ற சொல்லைப் பழகச் சொன்னேன்.

கிச்சன் கோட்டை மிதித்ததை மிதித்தவரே சொல்வது வழக்கம். யாரும் பார்க்காதபோது "என் கால் பட்டது" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அடுத்த மூன்று மாதம் உங்கள் கோட்டுத் தீர்ப்பை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மற்ற உள்ளூர் வழக்கங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது: எத்தனை மணிக்கு முன் ஆடக் கூடாது, வெளியே காத்திருப்பவர்கள் எந்த வரிசையில் வர வேண்டும், மரக்கிளையில் பட்ட பந்தை என்ன செய்வது. நம் மலைக்கு இது புதிதில்லை. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகளை 1880களில் உதகை கிளப்பில் எழுதி ஒட்டி வைத்ததாகத்தான் அந்த ஆட்டத்தின் வரலாறே சொல்கிறது. நேரத்தை எழுத மறக்காதீர்கள். இந்தப் பந்தின் டொக் டொக் சத்தம் பனி இறங்கிய காலையில் பள்ளத்தாக்கின் மறுகரை வரை கேட்கும். நாங்கள் ஏழு மணிக்கு முன் மட்டையைத் தொடுவதில்லை. அதற்கு ஒரு பாட்டி எங்களுக்கு விடுத்த எச்சரிக்கைதான் காரணம், அதை இங்கே எழுத முடியாது.

சில்லறை மரியாதைகள் சில. சர்வீஸுக்கு முன் புள்ளியை உரக்கச் சொல்லுங்கள்: உங்கள் புள்ளி, அவர்கள் புள்ளி, சர்வீஸ் போடுபவர் ஜோடியில் ஒன்றாமவரா இரண்டாமவரா என்ற சர்வீஸ் எண். ஆட்டத்தின் தொடக்கம் 0-0-2. பாதித் தகராறுகள் கோட்டைப் பற்றியவை, மீதிப் பாதி "இப்போது எவ்வளவு?" என்பதிலிருந்து வருபவை. பக்கத்துக் களத்திலிருந்து பந்து உருண்டு வந்தால் உடனே "பந்து!" என்று கத்தி ஆட்டத்தை நிறுத்துங்கள், அந்தப் புள்ளியை மறுபடி ஆடலாம். எதிராளியின் உடம்பில் பந்து பட்டால் புள்ளி உங்களுக்குத்தான், ஆனாலும் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நால்வரில் ஆட்டம் குறைந்தவரையே குறிவைத்து அடிப்பது சரியா என்று கேட்பார்கள். போட்டி என்றால் சரி. ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டுமே நாற்பது பந்து போனால், அடுத்த வாரம் அவர் வர மாட்டார். உங்களுக்கு நாலாவது ஆள் கிடைக்க மாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, களத்துக்குள் மச்சானுக்குப் பாடம் எடுக்காதீர்கள். ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன்: தவறு செய்த நொடியில் சொல்லும் திருத்தம் யார் காதிலும் ஏறுவதில்லை. என் ஜோடி என்னிடம் படித்த மாணவர். இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். "சார், பள்ளியில் நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். இங்கே வேண்டாம்" என்று ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து புள்ளி போனால் மட்டையால் மட்டையைத் தட்டிவிட்டு அடுத்த பந்துக்குப் போகிறோம். பேச வேண்டியதை டீக்கடையில் பேசுகிறோம், அதுவும் அவர் கேட்டால். வண்டியை எடுத்துக்கொண்டு போகும் மச்சானை இந்த வாரம் டீக்கு நிறுத்துங்கள். நடுப்பந்து யாருடையது என்ற கேள்வியை அங்கே வைத்து முடிவு செய்யுங்கள்.

பயிற்சிக்கு வாரத்தில் ஒருநாள் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். பத்து நிமிடம் இருவரும் எதிரெதிர் கிச்சன் கோட்டில் நின்று குறுக்கே டிங்க். தொடர்ந்து எத்தனை என்று எண்ணுங்கள், எண்ணிக்கைதான் இருவருக்கும் பொது எதிரி. அடுத்த பத்து நிமிடம் ஒருவர் பின்கோட்டிலிருந்து டிராப், மற்றவர் தடுத்துத் திருப்புவது, பிறகு இடம் மாற்றம். ஒரு மாதத்தில் அந்தத் தம்பதியை வென்றுவிடுவீர்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். 11-8 வரை போவீர்கள் என்று நினைக்கிறேன்.

மட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கையில் இருப்பது விரிசல் விடாமல், பிடி வழுக்காமல் இருந்தால் இந்த ஆண்டு அதுவே போதும். மிக விலையுயர்ந்த மட்டையும் மூன்றாவது அடியில் உங்களுக்குப் பதிலாக முட்டியை மடக்காது. அந்தப் பணத்தில் பக்கவாட்டுப் பிடிப்புள்ள, களத்தில் ஆடுவதற்கான ஷூ வாங்குங்கள். ஓடுவதற்கான ஷூ பக்கவாட்டு அசைவில் கணுக்காலைப் பிறழ வைக்கும். வலைக்கு அருகே முகத்துக்கு நேராகப் பந்து வருவதால் கண்ணுக்கு உடையாத கண்ணாடியும் நல்லது. ஏற்கெனவே முழங்கால் வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆடுங்கள், என்னைக் கேட்காதீர்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம் என்பதால் சிமென்ட் தரையின் ஓரங்களில் பாசி பிடிக்கும், பழைய கோட்டுச் சாயமும் வழுக்கும். ஆட்டத்துக்கு முன் சருகைக் கூட்டி, பாசியைத் தேய்த்துவிட வேண்டும். துடைப்பத்தை யார் கொண்டுவருவது என்பதை வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமை இரவே முடிவு செய்துகொள்ளுங்கள்.